வீட்டுக்குள் சப்பாத்து

ஆம், அவராகவேதான் ஏறினார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. காரின் கதவைத் திறந்துவிட்டது கூட காவோ அல்ல, எங்கள் அன்ரி. ஆனால் அந்த ஒரு வரியோடு இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் நிரூபா பொன்னம்பலம். வயது இருபத்தெட்டு. பிறந்தது யாழ்ப்பாணம். ஸ்காபரோ, டோர்செட் பார்க்கில் திருமதி குணவதியின் வீட்டு மேல்மாடி அறையில் வசிக்கிறேன். அவர் எனக்கு உறவில்லை, வீட்டுக்காரர். அன்ரி என்று அழைப்பேன். ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். படிக்க வந்து இப்போது வேலை அனுமதியில் இருக்கிறேன். இந்த வாக்குமூலம் அதைப் பாதிக்குமா என்று கேட்டேன். பாதிக்காது என்று கொன்ஸ்டபிள் யூட்சன் சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டேன்.

ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்று சொல்லிவிடுவேன். அதனால் தமிழில் தருகிறேன் என்றேன். யூட்சனுக்குத் தமிழ் பேச வரும், மெதுவாக வாசிக்க வரும், எழுத வராது. "நீங்களே எழுதுங்கோ அக்கா, நான் பக்கத்தில இருக்கிறன். பட் ஓடராய், நடந்த ஒழுங்கில எழுதுங்கோ, பிளீஸ்" என்றார்.

இது விமான நிலையத்துப் பொலிஸ் அறை. இன்று மார்ச் 31, செவ்வாய்க்கிழமை. நேரம் பகல் 12.50. விமானம் 3.10க்கு. தாவோ மின் அடுத்த அறையில் இருக்கிறார். இங்கே கொண்டுவந்ததிலிருந்து அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. வேறொரு அறையில், அவரை அழைத்துப்போக வந்த காவோ, மின் தன் விருப்பத்தோடுதான் நாடு திரும்புகிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மறுத்துச் சொல்ல எதுவும் இல்லாவிட்டால் இருவரையும் விட வேண்டிவரும் என்று யூட்சன் சொன்னார்.

தாவோ மின்னுக்கு இருபத்தாறு வயது. சீன நாட்டவர். பாலே நடனம் ஆடுபவர். சென்ற செப்டம்பரில் எங்கள் வீட்டின் கீழ்த்தள பேஸ்மன்டுக்குக் குடிவந்தார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை, குசினியில் சமைத்தபடி ஆங்கிலத்திலும், ஆங்கிலம் போதாதபோது போனில் மொழிபெயர்த்தும் அவர் சொன்னவை மட்டும்.

சீனாவின் வடக்கே ஒரு தொழிற்சாலை நகரம். பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் வந்து பிள்ளைகளின் கால்களை நாடாவால் அளந்தார்கள். இவரையும் இன்னொரு சிறுமியையும் எடுத்தார்கள். அதன்பின் அரசாங்க விடுதி. புதன் பின்னேரங்களில் கட்சி வகுப்பு. பதினைந்து வயதில், துப்பாக்கி ஏந்தி ஆடும் நடனத்தில் இடப்பக்கமிருந்து எட்டாவது ஆள். அந்த வரிசையில் எந்த முகமும் தனியாகத் தெரியக்கூடாது. ஒருமுறை வெளிநாட்டு நடனம் ஒன்றைப் போனில் பார்த்ததற்காகத் தன் குற்றத்தைத் தானே எழுதி எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்று பக்கம் எழுதினார். போதாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். நாலாவது பக்கத்தில் என்ன எழுதினீர் என்று கேட்டேன். போனைத் தந்த தோழியின் பெயர் என்றார். அதன்பின் எழுந்து கோப்பைகளைக் கழுவினார்.

அவர் அடுத்த அறையில் பேசாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை.

2024 ஒக்டோபரில் அவருடைய குழு கனடாவுக்கு வந்தது. குழுவின் பொறுப்பாளர் காவோ. எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கி வைத்திருந்தார். கடைசி நாள், ஊருக்குக் கொண்டுபோக விற்றமின் மாத்திரைகள் வாங்குவதற்காக ஸ்காபரோவில் ஒரு ஷொப்பிங் மோலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மின் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மோலின் மறுபக்கக் கதவால் வெளியேறினார். இங்கே பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று தெரியாததால் பதினொரு பஸ் தரிப்புகளை நடந்து கடந்தார். அதன்பின் அகதிக் கோரிக்கை வைத்தார். விசாரணை வருகிற ஏப்ரல் 16ஆம் திகதி. அதற்கு முன் நாட்டைவிட்டுப் போனால் கோரிக்கை அத்தோடு முடிந்தது. திரும்பி வர முடியாது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிளாசாவில் ஒரு நடன மண்டபத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். சேர்ந்த அன்று மண்டபத்துக்காரி, உமக்கு எந்த இசைக்கு ஆட விருப்பம் என்று கேட்டாராம். மின் யோசிக்க இரண்டு நாள் தவணை கேட்டார்.

இனி எழுதுவதை எழுதும்படி யூட்சன் சொல்லவில்லை. காவோ எப்படி வீட்டைக் கண்டுபிடித்தார் என்று அவர் காலையில் கேட்டபோது தெரியாது என்றேன். அது பொய்.

மார்ச் 14, சனிக்கிழமை அன்ரியின் தம்பி மகள் அட்சயா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. மண்டபத்தில் பெண்கள் வரிசையாக ஏந்திவர இருபத்தொரு தட்டுகள் ஒழுங்கு செய்திருந்தோம். ஒஷாவாவிலிருந்து வர வேண்டிய ஒருத்தி வரவில்லை.

"இருபது தட்டோட போகேலாது. ஒற்றை எண்ணா வரவேணும். மின்னியைக் கூப்பிடு" என்றார் அன்ரி. அவரை அப்படித்தான் அழைப்பார்.

"அவவுக்குச் சீலை கட்டத் தெரியாது, அன்ரி."

"கட்டிவிடுறது நான். அவ நடந்தாக் காணும். அவவை விட வடிவா நடக்க உங்களுக்குள்ள ஆர் இருக்கிறியள்? எல்லாரும் தாரா வாத்து மாதிரி நடக்கிறியள்."

மின் மாம்பழத் தட்டைக் கொண்டுவந்தார். ஒரு பழமும் அசையவில்லை. தட்டுக் கொண்டுவருபவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் இடத்தோடு சேர்த்து வாசிப்பார், நேரலையில் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்கும் பரிஸ் சொந்தங்களுக்கும் ஆளை விளங்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பட்டியலை எழுதியது நான். மற்றவர்களுக்கு எழுதியது போலவே அவருக்கும் எழுதினேன்: டோர்செட் பார்க், தாவோ மின். அவருடைய பெயரை மட்டும் விட்டால் மரியாதையில்லை என்று நினைத்தேன். அவர் ஒளிந்திருக்கிறார் என்ற நினைப்பே அந்த நேரம் எனக்கு வரவில்லை. "இந்தா, சீனாவில இருந்தும் எங்களுக்கு ஒரு மச்சாள் வந்திட்டா!" என்றார் அறிவிப்பாளர். மண்டபம் சிரித்தது. மின்னும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

அதன்பின் யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார்கள். அது பரவியது. நானும் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணியளவில் அழைப்பு மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் தோடம்பழப் பெட்டி. தன் பெயர் காவோ என்றும் மின்னின் தாயாருக்கு வேண்டியவர் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிளாசாவிலுள்ள தமிழ்க் கடையில் அந்த வீடியோவைக் காட்டினாராம். கடைக்காரர் வெளியே வந்து கைநீட்டி வீட்டைக் காட்டினாராம். அதை அவர் நன்றியோடு சொன்னார்.

நான் வாசலிலேயே நின்றேன். பின்னாலிருந்து அன்ரி சத்தம் போட்டார். "தாயின்ர ஊரில இருந்து வந்த மனிசனை வாசலில நிக்க வைக்கிறதே? உள்ளுக்கு வாங்கோ, சேர், கம், கம்."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பார், பழக்கவழக்கம் தெரிஞ்ச மனிசன்" என்று அன்ரி என் காதில் சொன்னார். அதன்பின் தேநீர் கொடுத்தார்.

மின் படியேறி மேலே வந்தார். காவோவைக் கண்டதும் முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. அதுவரை வீட்டில் அவர் அப்படி நின்றதை நான் பார்த்ததில்லை. இருவரும் சீன மொழியில் பேசினார்கள். காவோ குரலை உயர்த்தவில்லை. எங்களைப் பார்த்து ஒருமுறை ஆங்கிலத்தில், "நானும் ஒரு பெண்பிள்ளையின் தகப்பன். அந்த பஸ்ஸுக்குப் பொறுப்பு நான்தான்" என்றார். தேநீரை முழுவதும் குடித்தார். அதன்பின் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

மின்னின் தாயார். மரக் கைப்பிடி வைத்த சோபாவில் இருந்தார். பக்கத்தில் சுடுநீர்ப் போத்தல். சிரித்தபடி பேசினார். ஒரு நிமிடமும் இல்லை. வீட்டுக்கு வா, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்வதாகக் காவோ சொன்னார். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலைத் திரையில் வைத்தார்.

"உவ என்ன, வீட்டுக்குள்ள சப்பாத்தோட இருக்கிறா?"

நானும் பார்த்தேன். மண்ணிறச் சப்பாத்து. கயிறு கட்டியிருந்தது. வெளியே போகும் சப்பாத்து; தன் வீட்டில் இருப்பவர் போடுவதில்லை.

அன்ரி தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. காவோ போனபின் மின் என்னிடம், அன்ரி என்ன சொன்னார் என்று கேட்டார். உம்முடைய அம்மா உம்மைப் போலவே இருக்கிறா என்று சொன்னார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யூட்சன் இப்போது கேட்கிறார். அன்ரி பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். நானும் பார்த்தேன் என்பது உண்மை. ஒரு பெரிய விஷயத்தைத் தொடங்கிவைக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. ஏற்கெனவே ஒன்றைத் தொடங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை மின் வகுப்புக்குப் போகவில்லை. பேஸ்மன்டில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று காலை 9.40க்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. சாரதி ஒருவரும் காவோவும் இருந்தார்கள். மின் சிறிய பெட்டியோடு மேலே வந்து, அம்மாவிடம் போகிறேன் என்றார். அன்ரி அவருடைய கன்னத்தைத் தடவினார். அதன்பின் என்னைப் பார்த்தார்.

"குமர்ப்பிள்ளையைத் தனிய ரெண்டு ஆம்பிளையளோட அனுப்பேலாது. நீயும் ஏறு."

"அன்ரி, நான் வீட்டு உடுப்போட நிக்கிறன்."

"என்ர ஜக்கெற்றைப் போடு. அங்க உன்னை ஆரும் பொம்பிளை பார்க்க வரேல்லை."

தேவையில்லை என்று காவோ இரண்டு தடவை சொன்னார். அன்ரி காரின் பின்கதவைத் திறந்து முதலில் மின்னையும் அதன்பின் என்னையும் ஏற்றி, கதவைச் சாத்தினார். அந்த வீட்டில் தேநீர் குடித்தவர் என்பதாலோ என்னவோ, காவோ மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை 401இல் மேற்கு நோக்கிப் போனோம். மின் ஜன்னல் பக்கம் இருந்தார். முழங்காலின் மேல் விரல்களால் எட்டுவரை எண்ணினார். எட்டு முடிய மறுபடி ஒன்று. மிசிசாகா வரும்வரை எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பாமல், மெதுவாக, ஆங்கிலத்தில், "என் அம்மா வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதில்லை" என்றார். காவோ முன் இருக்கையில் இருந்தார். கேட்டாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அன்ரி சொன்னதை அப்போதும் நான் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் காவோ தன் உள்பையிலிருந்து மின்னின் பாஸ்போர்ட்டை எடுத்து, தன்னுடையதோடு சேர்த்து மேசையில் வைத்தார். மேசையிலிருந்த பெண் மின்னைப் பார்த்து, உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. மின் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். காவோ, "யெஸ்" என்றார்.

அப்போது நான் கத்தினேன். ஆங்கிலம் வரவில்லை. "அவவையெல்லோ கேட்கினம்! நீர் ஏன் சொல்லுறீர்?"

வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்றார். விமான நிலைய ஊழியர். பெயர் இரத்தினவேல் என்று பின்னர் தெரிந்தது.

"என்ன தங்கச்சி, ஆரோட கொளுவுறீர்?"

"அண்ணை, இவவுக்குப் போக விருப்பமில்லைப் போல கிடக்கு. ஆனா வாய் திறக்கிறா இல்லை."

"அப்ப நீர் சொல்லுமன்."

"நான் சொல்லலாமோ?"

"உதுக்கும் அப்ளிகேசன் போம் நிரப்பவேணுமே?" என்றார். அதன்பின் மின்னைப் பார்த்து, "சிற், மகள்" என்றார். மின் அந்தச் சக்கர நாற்காலியில் இருந்தார். இரத்தினவேல் காவோவிடம், சக்கர நாற்காலியில் இருக்கும் பயணிக்குத் தானே பொறுப்பு, தன் கையெழுத்து இல்லாமல் நகர்த்த முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியொரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. காவோவுக்கும் தெரியவில்லை. அதற்குள் இரத்தினவேல் பொலிஸை அழைத்திருந்தார்.

மின் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார்.

இப்போது 1.55. அவருக்குப் போக விருப்பமில்லை என்று எழுதும்படி என் மனம் சொல்கிறது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே எழுத மாட்டேன். அவர் போகாவிட்டால் அந்தச் சோபாவில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. போனால் இருவருக்கும் என்ன நடக்கும் என்றும் தெரியாது. அவரை யாரும் இழுக்கவில்லை. அவர் பார்த்ததை நாங்களும் பார்த்தோம், பார்த்ததைச் சொல்லாமல் விட்டோம். அதனால் தனியாகத் தான் மட்டும் பார்த்ததாக நினைத்து அவர் காரில் ஏறினார்.

தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கலாம் என்று யூட்சன் சொல்கிறார். காவோ இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை அன்ரி சொன்னதை அப்படியே அவருக்குச் சொல்ல வேண்டும். அவரை எதுவும் எழுதச் சொல்ல வேண்டாம்.

கண்டதைக் கண்டபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். காலையில் சொன்ன பொய்யையும் திருத்தியிருக்கிறேன். திரும்ப வாசித்தேன். மாற்ற எதுவும் இல்லை.

நிரூபா பொன்னம்பலம்
31 மார்ச், பி.ப. 2.05

பின்குறிப்பு, யூட்சன் கேட்டபடி: ஒப்பமிட்டபின் அடுத்த அறைக்குப் போய் மின்னின் பக்கத்தில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், அன்ரி சொன்னதை முதலில் சொன்னார். அதன்பின், போக விருப்பமா என்ற கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. 2.31க்கு மின் பேசத் தொடங்கினார். 3.10க்கும் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து அன்ரிக்குப் போன் எடுத்து, பேஸ்மன்ட் ஹீற்றரை நிற்பாட்ட வேண்டாம் என்று சொன்னேன்.