நாக்கடியில் ஒரு நீர்க்கட்டி

பச்சைக் குழந்தையின் வாயைத் திறக்க வைப்பது சுலபம். கன்னத்தில் விரல் பட்டால் போதும். பால் என்று நினைத்துத் தானே திறந்துவிடும்.

ஐலி கோஸ்கெலாவும் திறந்தாள். பிறந்து பத்தொன்பது நாள். நாக்குக்கு அடியில் நீலம் பாரித்த கட்டி. தாடைக்குக் கீழே டார்ச் அடித்தேன், கட்டி ஒளிர்ந்தது. உள்ளே நீர்தான். ஆனால் அது நாக்கை மேலே தள்ளியிருந்ததால் அவளால் பால் குடிக்க முடியவில்லை. எடுத்தாக வேண்டும்.

"இவ அப்பாவும் ரேடியோல ஹாக்கி கேக்குறப்ப இப்படித்தான் வாயைப் பொளந்துக்கிட்டிருப்பாரு," என்று சிரித்தாள் தாய். பிறகு கேட்டாள். "வலிக்குமா டாக்டர்?"

"இந்த வயசுல வலியே தெரியாதும்மா."

அமெரிக்காவின் டுலூத் நகரில், 1983இல், டாக்டர்கள் நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். மயக்க மருந்தைப் பிஞ்சு இதயம் தாங்காது என்று, தசைகளை முடக்கும் ஊசி மட்டும் போடுவோம். மூச்சுக்குக் குழாய். குழந்தை அசையாது, அழாது. விழித்திருக்கும்.

கத்தி வைத்தேன்.

"நாடி இருநூத்தி இருபது டாக்டர்," என்றாள் நர்ஸ் பெர்னடெட். "கண்ணுல தண்ணி வழியுது."

"துடைச்சு விடு."

"இவளுக்குத் தெரியுது. வலி மருந்து அலமாரியிலதான் இருக்கு. உங்க சொத்தைப் பல்லுக்கு மட்டும் ரெண்டு ஊசி கேட்டு வாங்கிக்கிட்டீங்களே?"

கத்தியை விலக்கினேன். நாடி நூற்றைம்பதுக்கு இறங்கியது. வைத்தேன், ஏறியது. ஆறு முறை செய்து பார்த்தேன். மூன்றாம் முறையிலேயே கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது. மீதி மூன்றும் சோதனைக்கு.

"ஒரு சத்தம்கூடப் போடல, சமத்து," என்று தாயிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உண்மை அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே குழந்தையின் எண்களை எந்த மருத்துவ இதழ் ஏற்கும்? பெர்னடெட்டை வேறு பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் நாற்பது குழந்தைகள். யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஆறு முறை. பதினேழாவது குழந்தைக்கு நான்கு. அதன்பின் நாடி இல்லை.

உங்கள் விசாரணை மேசையிலுள்ள அந்த நாடிப் பட்டியலில் இருப்பது என் கையெழுத்துதான். பச்சைக் குழந்தைக்கும் வலிக்கும் என்று யாராவது நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர்கள்மேல் அக்கறை உள்ள யாராவது.