கரிசலுக்கு ஏற்ற குளம்

9 அக்டோபர் 2024, புதன்.

நீச்சல் குள வகைகளை ஒப்பிட்டு நேற்று நகல் எடுத்த அட்டவணையில் ஒரு சிறு தவறு. வினைல் விரிப்பின் ஆயுளை ஃபைபர் தொட்டிக்கு நேரே எழுதிவிட்டேன். இன்று கண்ணில் பட்டது, திருத்தினேன். ஒன்றைத் திருத்தினால் மற்றதிலும் தவறு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

பகலில் இன்ஜினியர் முத்துசெல்வம் சாரிடம் அளவெடுக்கும் வேலை. மாலையில் கோவில்பட்டியில் கட்டட வரைபட வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜ் அண்ணாச்சி தன் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்ட ஆசைப்பட்டபோது, எந்த வகை நல்லது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை சார் எனக்குக் கொடுத்தார். மூன்று வருடத்தில் எனக்கென்று வந்த முதல் பொறுப்பு. என் சொல் எடுபட்டால் அடுத்த வேலைகளுக்கும் என்னையே அனுப்புவதாகச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் படித்தேன். கான்கிரீட் உறுதியானது, ஆனால் இங்கத்திய கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், சுவரை நெரித்துவிடும். வினைல் விரிப்பு மலிவு. ஒரு பெருச்சாளியின் பல் பட்டால் போயிற்று. ஃபைபர் தொட்டி ஒரே வார்ப்பாக வரும், மண்ணோடு சற்று வளைந்துகொடுக்கும். ஃபைபர் என்று எழுதினேன்.

அதை அண்ணாச்சி வீட்டில் படித்துக் காட்டும்போது கொத்தனார் வெயிலுமுத்து அண்ணன் குறுக்கிட்டார். எப்போதும் நோட்டும் கையுமாக இருப்பதால் அவர் என்னை ‘நோட்டு’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஏலே நோட்டு, ஐப்பசி மழையில அடியில தண்ணி ஊறுனா ஒந் தொட்டி மேல கெளம்பிரும்லா? அண்ணாச்சி அதுல ஏறி எட்டயபுரத்துக்குத் தோணி விடணுமாக்கும்?”

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். சாரும் சிரித்தார். “அப்பம் கான்கிரீட்டே போட்டுருவோம்” என்றார் அண்ணாச்சி. என் தாளின் மேல் காப்பி டம்ளரை வைத்தார்.

வெயிலுமுத்து அண்ணன் சொன்னது தவறில்லை. வகுப்பில் கேட்டேன், காலியாக விட்டால் மிதக்கும் என்றார்கள். ஆனால் அது பாதிதான். கான்கிரீட்டை நம்பினால் என்ன ஆகும் என்ற மறுபாதியை யாரும் யோசிக்கவில்லை. அதைக் காட்டுவது என் கடமை என்று தோன்றியது.

எட்டடி தோண்டினார்கள். பக்கங்களைச் சரிவாக வெட்டவில்லை. இங்கே யாரும் வெட்டுவதில்லை. காய்ந்த கரிசல் செங்குத்தாகக் கல் போல நிற்கும், மழை விழுந்தால்தான் சரியும். அதனால் குழிக்குள் இறங்குமுன் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். மண்ணைப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. அண்ணாச்சி குடும்பம் திருச்செந்தூர் போயிருந்தது. பின்வாசல் சாவி என்னிடம் இருந்தது. மதியம் போர்வெல் மோட்டாரைப் போட்டு, குழியின் தென்பக்கம் இருந்த வெடிப்புகளில் ஹோஸை விட்டேன். கை நுழையும் அளவு வெடிப்புகள். இரண்டரை மணி நேரம் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஈரத்தின் மேல் காய்ந்த மண்ணைத் தூவினேன். யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாது.

அன்றே சரிந்திருந்தால் எருமை மிதித்தது என்று சொல்லியிருப்பார்கள். எல்லோரும் பார்க்கும்போது சரிய வேண்டும்.

மறுநாள் ஏழரைக்கு வெயிலுமுத்து அண்ணன் கம்பி கட்ட இறங்கினார்.

“மண்ணு நிக்குமாண்ணே?” என்று கேட்டேன். அதை ஓர் எச்சரிக்கை என்றே கருதுகிறேன்.

“மானத்துல பொட்டு மேகம் இல்ல. பயமா இருந்தா மேல நின்னு எழுதிக்கிட்டு இருலே.”

மேலே நின்றேன். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி மண்ணில் ஒரு கோடு விழுந்தது. அது அகலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் மேலே வந்திருப்பார், அதற்கும் ஒரு கேலி சொல்லியிருப்பார். எட்டு பத்துக்குத் தென்பக்கம் முழுதும் விழுந்தது. ஜேசிபி வந்து அவரை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. நேற்று பதினாறாம் நாள். அவர் மனைவி பேச்சித்தாய் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ அன்னைக்கே கான்கிரீட்டு வேண்டாம்னு சொன்னியாமே தம்பி. அவியதான் கேக்கல.”

அதைக் கேட்டதும் இத்தனை நாள் இருந்த சந்தேகம் போய்விட்டது. என் முடிவு சரிதான். வெயிலுமுத்து அண்ணனைக் கொன்றது நான். அதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு முழுமையாகாது. உயிரோடு இருந்திருந்தால் அவரும் என் முடிவை ஒத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நாளை, வியாழன். காலை பத்து மணிக்கு அண்ணாச்சி வீடு. ஃபைபருக்குச் சம்மதித்துவிட்டார், நீல நிற மாதிரிகளைக் கொண்டுபோக வேண்டும். சரிந்ததில் குழியின் அகலம் மூன்றடி கூடிவிட்டது, புதிதாக அளக்க வேண்டும். எங்கள் டேப் அன்று வெயிலுமுத்து அண்ணன் இடுப்பில் இருந்தது. போகும் வழியில் வேறொன்று வாங்க வேண்டும்.