பத்து மணித் தண்ணீரும் பூட்டிய பெட்டியும்

பெயர்: இத்தோ பெல்கஸ்மி, த/பெ மோஹா. வயது 43. தொழில்: பாசன நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். முகவரி: எண் 17, மாதுளைத் தெரு, பெனி மெல்லால்.

மேற்படி முகவரியில் குடியிருந்து வரும் நான் போலீசில் தரும் வாக்குமூலம் இது. எங்கள் கால்வாயின் ஏழாம் மதகை மூன்று கணினி நிரல்கள் இயக்குகின்றன. முறைப்பாசன அட்டவணைக்கு ஒன்று, மதகு மோட்டாருக்கு ஒன்று, தண்ணீருக்குப் பத்து நிமிடம் முன் ஊத வேண்டிய எச்சரிக்கைச் சங்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்த வேலைக்கென்றே உண்டான தனி மொழியில் எழுதப்பட்டது.

ஆண்டுதோறும் போல ரமலானுக்காக நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கப்பட்ட மறுநாள், திங்கட்கிழமை, கால்வாய்க்குள் பாசி வாரிக்கொண்டிருந்த புவாஸ்ஸா என்ற தொழிலாளியைத் தண்ணீர் அடித்துச் சென்றது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மதகுக் காவலர் ஹம்மூ தன் நோட்டில் ஒன்பது மணிக்குத் தண்ணீர், ஒன்பது ஐம்பதுக்குச் சங்கு என்று எழுதியிருந்தார். இயந்திரப் பதிவில் ஒன்பது ஐம்பதுக்குச் சங்கு, பத்துக்குத் தண்ணீர் என்று இருந்தது. சங்கை மதிக்காமல் உள்ளே நின்ற தன் மைத்துனர் புவாஸ்ஸாவுக்காகப் பொய் எழுதினார் என்று ஹம்மூவைக் கைது செய்தார்கள். சங்கு ஊதியபோது புவாஸ்ஸா ஏற்கனவே அடிபட்டுக் கரையில் கிடந்தார் என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு, பதிவு சரி என்று எழுதித் தரும்படி இயக்குநர் ஜிலாலி கேட்டார். நிரல்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதற்கு அவர், "மெஷின் நோன்பு வைக்கிறதில்லம்மா. ஹம்மூதான் வைக்கிறான். பசியில எதையோ கிறுக்கிட்டான்" என்றார்.

அதன் பிறகு இரண்டு நாள் மூன்றையும் தனித்தனியே சோதித்தேன். பிழை கிடைக்கவில்லை. வியாழன் காலை மூன்றையும் ஒரே மேஜையில் இணைத்து, மதகுக்குப் பதில் பச்சை விளக்கும் சங்குக்குப் பதில் சிவப்பு விளக்கும் வைத்து, திங்கட்கிழமைத் தேதியை ஏற்றி, இயக்குநரை எதிரே உட்கார வைத்தேன். ஒன்பது மணிக்குப் பச்சை எரிந்தது. சிவப்பு எரியவில்லை. நேரத்தை வேகமாக ஓட்டச் சொன்னார், மறுத்தேன். ஐம்பது நிமிடம் இருவரும் விளக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு சிவப்பு எரிந்தது. அச்சிட்டு வந்த தாளிலோ ஒன்பது ஐம்பதுக்குச் சங்கு, பத்துக்குத் தண்ணீர் என்றே இருந்தது.

சங்கின் நிரல் நாட்டின் நேரத்தைக் கேட்கிறது. மோட்டாரின் மொழி மதகடியில் உள்ள தன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடிகாரத்தை மட்டுமே அறியும்; அது ரமலானுக்காகத் தானாகப் பின்னுக்குப் போவதில்லை. அட்டவணையிலிருந்து இரண்டுக்கும் பத்து என்ற எண்ணை அனுப்பும் வரியை எழுதியவள் நான். எந்தக் கடிகாரத்தின் பத்து என்று அதில் இல்லை. பதிவிலும் ஒவ்வொன்றும் தன் கடிகார நேரத்தையே எழுதுகிறது.

முந்தைய ஆண்டுகளில் ஏன் இப்படி நேரவில்லை என்று கேட்டதற்குச் சொல்வதாவது: ஒவ்வொரு ரமலானுக்கும் ஹம்மூ பெட்டிக் கடிகாரத்தைக் கையால் திருத்தி வைத்திருக்கிறார். அதை அனுமதியில்லாத மாற்றம் என்று கருதி, சென்ற நவம்பரில் பெட்டிக்குக் கடவுச்சொல் போட்டதும் நான்தான். என்னை மரியாதையாக லல்லா என்று அழைக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, "லல்லா, பெட்டி திறக்க மாட்டேங்குது, நாளைக்குத் தண்ணி முறை இருக்கு" என்றார். "மெஷினே பாத்துக்கும், நீங்க கை வெக்காதீங்க" என்றேன். அந்த அழைப்பு என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

ஹம்மூவின் நோட்டில் உள்ள நேரமே உண்மையான நேரம். கடவுச்சொல் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டபோதும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என்னைப் பற்றிய இடங்களில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) இத்தோ பெல்கஸ்மி
நேரம்: காலை 11.20, நாட்டின் கடிகாரப்படி.