மயிலாத்தாள் ஸ்டோர்ஸ் பவளவிழா

டீத்தூளையும் சோப்பையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, சார். வைத்தால் காலையில் குடிக்கிற டீயில் குளித்த வாசம் வரும். நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. பிரித்து வைத்தது நான். மயிலாத்தாள் ஸ்டோர்ஸின் வரலாற்றில் என் பங்கு என்ன என்று கேட்டால், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இங்கே கேரளா போலீஸில் வாக்குமூலத்துக்கு 'மொழி' என்கிறீர்கள். என் மொழி தமிழ், இந்த ரைட்டர் எழுதுவது மலையாளம். புரியாத இடத்தில் அவர் கையைத் தூக்கட்டும், நிறுத்துகிறேன். பெயர் செல்வப்பிரியா. முதலமடை ரோட்டில் மாங்காய் லாரிகள் திரும்புகிற முக்கில் எங்கள் கடை. கணவர் கோகுல்நாத். இறந்துபோனவர் என் மாமனார் சின்னையன்.

கடையை ஆரம்பித்தவர் மாமனாரின் அப்பா கந்தப்பன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து விற்றவர். பஞ்சத்தில் ஊருக்கே அரிசி போட்ட வள்ளல் என்று மாமனார் சொல்வார். அரிசி போட்டது உண்மைதான். அதுவரை அதை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்ததும் அந்த வள்ளல்தான். தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து நிறுப்பாராம். "பருப்போட அந்தப் பெருவெரலையும் சேத்தித்தான் வாங்கிட்டுப் போவோம்" என்பார், எங்களிடம் வெகுகாலமாகச் சாமான் வாங்குகிற ராமாத்தாக்கா.

மயிலாத்தாள் என்பது கந்தப்பனின் மனைவி. கடைக்கு அவர் பெயரை வைத்தார்கள், கடைக்குள் அவரை விடவில்லை. பெண்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். லட்சுமி என்ன ஆம்பளையா என்று நான் கேட்டதில்லை. வந்த நாள் முதல் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வியாபாரம் பார்த்தேன். மாமனார் சாப்பிடப் போனாலும் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல. என் கணவருக்கு அந்த நாற்காலியில் ஆசையே கிடையாது. அவருக்குக் கைபேசி போதும்.

அந்த மயிலாத்தாள் ஒரு சந்தை நாளில் கிணற்றடியில் விழுந்துவிட்டார். ஆள் வந்து சொல்லியும் கந்தப்பன் எழுந்து போகவில்லை. கூட்டம் வடிந்த பிறகு போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேறு குடும்பமாக இருந்தால் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் இதுதான் பெருமை. பவளவிழாவுக்காக உள்ளூர் சேனல் பையன் கேமராவோடு வந்தபோதும் மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதைத்தான் சொன்னார்.

"எங்கம்மா மூச்சு இழுத்துட்டுக் கெடக்குது. எங்கப்பன் தராசக் கீழ வெக்கலீங்க. யாவாரம்னா அப்படி இருக்கோணும்."

பவளவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்தார்கள். கந்தப்பன், சின்னையன், கோகுல்நாத், பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட என் மகன், எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். மயிலாத்தாள் மூலையில், சோப்பு விளம்பரத்துக்கு மேலே. நான் இல்லை. ஃபிளெக்ஸில் படம் இல்லை என்பதற்காக யாராவது ஆளைக் கொல்வார்களா, சார்? நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஃபிளெக்ஸ் வந்த அன்றுதான் மாமனார் என்னிடம் சொன்னார். "விழா முடிஞ்சதும் கடைய சூப்பர்மார்க்கெட்டுக்காரனுக்கு உட்டறலாம்னு இருக்கறேன். பேசி முடிச்சாச்சு."

"அப்ப நானுங்க, மாமா?"

"நீ என்ன புள்ள, ஊட்டுல போயி சித்தக் காலை நீட்டி உக்காரு. இத்தன வருசமா நின்னீல்ல."

அன்பாகத்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நான் இங்கே வந்ததே, மூட்டை தூக்குகிற ஆசீர்வாதத்தை நீங்கள் பிடித்து உட்கார வைத்திருப்பதால்தான். அவர் அடுக்கியது சரியில்லை, அதனால்தான் மூட்டை சரிந்து பெரியவர் போய்விட்டார் என்கிறீர்கள். இது அநியாயம், சார். ஆசீர்வாதம் மூட்டைகளை அட்டி போட்டு அடுக்கினால் லாரி மோதினாலும் அசையாது. கடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் குடோனில் தரை வாசலைப் பார்த்துச் சரிவு. அதற்காகவே அவர் புண்ணாக்கு மூட்டைகளுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார். அந்தக் கட்டையை, மூட்டை சரிந்த அன்று காலை, தட்டி எடுத்தது நான். பெருக்குவதற்கு இடைஞ்சலாக இருந்தது.

மத்தியானம் என் கணவர் விழாவுக்குப் பந்தல் பேசக் கொல்லங்கோடு போனார். சாப்பிட்டு வந்த மாமனாரிடம் சொன்னேன்.

"மாமா, மூலையில அடி மூட்டைய எலி கடிச்சிருக்குதுங்க."

"எலியா? எத்தன தடவ சொல்றது, பாத்துக்கோணும்னு."

"நீங்களே இழுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்."

துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். புண்ணாக்கு வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. எலி கடித்திருந்ததா என்று கேட்கிறீர்கள். எங்கள் கடையில் எலியே கிடையாது. நான் வந்த பிறகு ஒழித்துவிட்டேன்.

சத்தம் வந்தபோது ராமாத்தாக்காவுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனம்முணி, உள்ள என்னமோ உழுந்தாப்பல இருக்குதே?"

"ஆசீர்வாதம் மூட்டை எறக்கறாருங்க, அக்கா" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அதை அந்த அம்மா அப்படியே உங்களிடம் வந்து சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆசீர்வாதத்தை விட்டுவிடுங்கள். அவர் அன்று எங்கள் கடைப்பக்கமே வரவில்லை.

அக்கா போனதும் லாரிக்காரர்கள் வந்தார்கள். மாங்காய் சீசன், கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? பீடி, பிஸ்கட், சணல் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். சாமான் வாங்க வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதல்லவா? அந்தக் குடும்பத்தில் யாரும் வியாபாரத்தை நடுவில் விட்டுவிட்டு உள்ளே ஓடியதில்லை. பெற்ற தாய்க்கே ஓடாதவர்கள். வேறு வீட்டிலிருந்து வந்த நான் மட்டும் வழக்கத்தை மாற்றினால் நன்றாகவா இருக்கும்? இதற்காகக் கொலை என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்கிறீர்கள். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கூப்பிட்டது கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டது, சார். கல்லாவுக்கும் குடோனுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைக் கதவு. முதலில் கோகுலைக் கூப்பிட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். எந்த அம்மா, கிணற்றடியில் கிடந்தவர்தான். கடைசியில்தான் என் நினைவு வந்தது.

"செல்வப்பிரியா, கண்ணு, சித்த வா அம்முணி."

இத்தனை வருடத்தில் 'புள்ள', 'இந்தா' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எனக்கு வேறு பெயர் வந்ததில்லை. என் முழுப்பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரம் லாரிகளெல்லாம் போய்விட்டிருந்தன. கடையில் ஒருவரும் இல்லை. துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேடியோவைக் குறைத்தேன். இன்னொரு தரம் கூப்பிடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

கூப்பிட்டார், சார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.