ரெண்டரை அடிக் கோடு

அந்த நீலக் கோட்டப் பத்தியா கேக்குறீங்க? அதுல டேப்ப வைக்காதீங்க சார், வீண் வேலை. இந்த வருஷ வெள்ளம் எவ்வளவுன்னு மட்டும் அளந்துட்டுப் போங்க. என்னது, ரெண்டும் வேணுமா? உங்க ஃபாரத்துல போன வெள்ளத்துக்கு ஒரு கட்டம், இந்த வெள்ளத்துக்கு ஒரு கட்டமா? கீழ என் கையெழுத்து வேறயா? நல்லா மாட்டிக்கிட்டேன் போங்க.

உக்காருங்க. அந்த மெஷின் மேல கை வைக்காதீங்க, இன்னும் சேறு கக்கிட்டிருக்கு. ஆமா, தையல்தான். அதனாலதான் என்னை வெள்ளத் தயாரிப்புக் குழுவுலயே போட்டாங்க. சிரிக்காதீங்க சார். தெருவுல யார்கிட்ட டேப் இருக்குன்னு கேட்டாங்க, என் கழுத்துல தொங்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான் என் தகுதி.

குழுத் தலைவர் மூணாவது மாடிக்காரர். வெள்ளத்த இதுவரைக்கும் பால்கனியிலேர்ந்துதான் பாத்திருக்கார். ஒத்திகைன்னு ஒண்ணு வச்சாங்க பாருங்க, மண்டையப் பொளக்குற வெயில்ல. சைரன் ஊதினதும் ஆளாளுக்குப் பையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடணும். தலைவர் வர லேட்டாச்சு. அவர் இல்லாம எப்படின்னு வெள்ளத்த ஒரு மணி நேரம் தள்ளி வச்சாங்க. அப்புறம் போட்டோ சரியா விழலன்னு இன்னொரு தடவ உயிர் தப்பிச்சோம்.

படகு கூட குடுத்தாங்களே! களவு போயிடக் கூடாதுன்னு சமூகக் கூடத்துல வச்சுப் பூட்டினாங்க. இந்தத் தெருவுலயே பள்ளமான எடம் அந்தக் கூடம்தான். சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். இந்த வருஷம் நெசமா தண்ணி வந்தப்ப மொதல்ல முழுகினது எங்க படகுதான்.

இருங்க, கோட்டுக்குத்தான் வரேன். போன வெள்ளம் வடிஞ்சதும் மேலேர்ந்து உத்தரவு வந்துச்சு. தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சோ, ஒவ்வொரு வீட்டுச் செவத்துலயும் அந்த எடத்துல நீலக் கோடு போடணும், புதுசா வர்றவங்க பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லல. பெயிண்ட் டப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பினேன். மொத வீட்டுக்காரம்மா, கொஞ்சம் எறக்கிப் போடேன், கீழ் போர்ஷன் காலியாக் கெடக்கு, இதப் பாத்தா எவன் குடி வருவான்னாங்க. அடுத்தவர் வீட்ட விக்கப் பேசிட்டிருக்காராம், முட்டியோட நிறுத்திக்கம்மான்னு கெஞ்சுறார். நர்சரி ஸ்கூல் டீச்சர் இருக்காங்களே, கணுக்கால் போதும், பசங்க பயந்துக்கும்னாங்க. கணுக்கால்! அவங்க பெஞ்சு ரெண்டு மிதந்து எங்க வாசலுக்கே வந்து நின்னுச்சு சார்.

எனக்கு இது புதுசும் இல்ல. இருபது வருஷமா அளவெடுக்கறேன். நாப்பது இஞ்ச் இடுப்ப நாப்பதுன்னு சொல்லிப் பாருங்க, அந்தம்மா அடுத்த தடவ வேற டெய்லரத் தேடிப் போயிடும். முப்பத்தாறுன்னு வாயால சொல்லுவேன், நோட்டுல நாப்பது எழுதி நாப்பதுக்கே வெட்டுவேன். அவங்களுக்கும் சந்தோஷம், ஜாக்கெட்டும் சரியா உக்காரும். அதே பழக்கம் இங்கயும் வந்துடுச்சு. செவத்துக்குத்தான் நோட்டு இல்லாமப் போச்சு.

அப்புறம் ஆபீசர் பாக்க வந்தார். ஏம்மா, ஒரே தெருவுல இந்த வீட்டுல முட்டி, அந்த வீட்டுல கணுக்கால், எதிர்ல இடுப்பு, உங்க ஊர்த் தண்ணி படியேறி எறங்குமான்னார். தலைவர் உடனே கூட்டம் போட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ரெண்டரை அடின்னு கைதட்டி நிறைவேத்தினாங்க. தண்ணிக்குத்தான் யாரும் தகவல் சொல்லல.

நெசமா எவ்வளவா? நாலரை அடி. எனக்குத் தோள். எழுதிக்கோங்க, பேனாவ மூடாதீங்க. போன வெள்ளம் நாலரை, இந்த வெள்ளமும் நாலரை. ஒரு விரக்கடை கூட ஏறல. இந்த வருஷம்தான் அதிகம்னு தெருவே சொல்லுதுங்கறீங்களா? பின்ன, நாங்க பொய்க்கோடு போட்டோம்னா சொல்லுவாங்க?

கையெழுத்துத்தானே, குடுங்க போடறேன். செவத்துல புதுக் கோடு இழுக்கறப்ப ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல எழுதுவீங்கல்ல? எழுதுங்க, எழுதத்தான் வேணும். ஆனா நாலாவது வீட்டுக்கு மட்டும் கடைசியாப் போங்க. அங்க என் தங்கச்சி இருக்கா. கோடு போட்ட ஆறாம் மாசம் குடி வந்தா. அக்கா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு என்னைத்தான் கேட்டா. வீட்டு ஓனர் பக்கத்துலயே நின்னார். அவர் மட்டும் காரணமில்ல, உண்மையச் சொன்னா அவ வேற தெருவுக்குப் போயிடுவா. எனக்கு அவ பக்கத்துல இருக்கணும். கோடு வரைக்கும்தான்டின்னுட்டேன்.

அவ புருஷன் இடுப்பொடிஞ்சு படுக்கையில. தூக்கணும்னா நாலு ஆம்பள வேணும். கோடு ரெண்டரையில இருக்கு, மூணரைக்கு ஏத்திட்டாப் போதும்னு கட்டிலுக்குக் கீழ செங்கல் அடுக்கினா. நானும் கூட நின்னு கல்லு எடுத்துக் குடுத்தேன் சார். இன்னும் ரெண்டு வரிசை வைடின்னேன். அக்காவுக்கு எப்பவும் பயம்னு சிரிச்சா. அப்பவாவது வாயத் தொறந்திருக்கணும், தொறக்கல. தண்ணி வந்தது பட்டப்பகல்ல. புள்ளைங்கள மேல விட்டுட்டு அவ எறங்கி வர்றதுக்குள்ள படிக்கட்டு முழுகிடுச்சு. மாப்பிள்ளை அந்தச் செங்கல் உசரத்த நம்பிக் கட்டில்லயே படுத்திருந்தார். தண்ணி வடிஞ்சப்ப உசுரு இல்ல.

வேணாம் சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த வருஷத் தண்ணி நம்மள ஏமாத்திடுச்சுக்கான்னு இன்னும் என் மடியிலதான் வந்து அழறா. பத்து நிமிஷம் குடுங்க. நீங்க செவத்துல எழுதறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.