மாட்டு ஊசி

பெருமாநல்லூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெண் போனில் தன் நாய்க்குட்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீள மூக்கு, அடர்ந்த முடி. பக்கத்துச் சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, இது கம்பெனிக்காரர் ஊட்டுக் குட்டிதானே?"

"ஆமாங்க்கா. அவருதான் குடுத்தாருங்க."

"இதோட கூடப் பொறந்தது எங்க ஊட்டுல இருந்துச்சு. உண்ணிக்கு மாட்டு ஊசி போட்டோம். சாயங்காலம் செவுத்தைப் பாத்துட்டே நின்னுது. அப்பறம் கண்ணு தெரியல. காத்தால செத்துப்போச்சு."

"மருந்து ஜாஸ்தியாப் போச்சுங்களா?"

"துளிதான் போட்டது. நாட்டு நாய்க்கும் அதேதான் போட்டோம், அது நல்லா ஓடுது. இந்தச் சாதிக்குப் பொறப்புலயே அந்த மருந்து ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. இதோட அம்மாளும் அப்படித்தான் போச்சாமா."

அந்தப் பெண் உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மாமா, குட்டிக்கு அந்த மாட்டு ஊசி போட்டுட்டீங்களா? ... காத்தாலயேங்களா?"

"டாக்டருகிட்டத் தூக்கிட்டு ஓடச் சொல்லு அம்மிணி."

"தூங்குதாமுங்க்கா."

"பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல், "ராணி... ராணி..." என்று கூப்பிட்டது. பிறகு கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டது.

என் ஸ்டாப் வந்தது. நான் இறங்கும்போதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.