கதவைச் சாத்திய கை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, இன்ஸாஃப் அம்மையாரின் சகோதரிகளே, கோம் அல்-ரமாத் மேட்டில் அவரோடு மண் சலித்த தோழர்களே! இப்படி இரங்கல் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அகழாய்வுக் கிடங்கின் பதிவாளன், பொருளுக்கு எண் போடுவது மட்டுமே என் வேலை. சொல் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் இன்ஸாஃப் ஹலீம் எதைத் தேடினார்? தங்கத்தையா? சிலைகளையா? இல்லை! உடைத்து வீசப்பட்ட களிமண் கட்டிகளை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், நம் நைல் கரையில் ஊர் என்று ஒன்று கூடியபோது பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. கதவு முளையில் கயிற்றைச் சுற்றி, ஈரக்களிமண்ணை அப்பி, அதன்மேல் முத்திரையை உருட்டினார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. உடைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அவருடைய முதல் அகழாய்வுப் பருவத்தில் நடந்ததை அவரே சிரித்துச் சொல்வார். பானை ஓடு கழுவும் தொட்டியில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டார். ஓடுகளுக்கிடையே முத்திரைக் கட்டிகளும் இருந்தன. சுடாத மண்! கையை விட்டால் சேறுதான் வந்தது.

"என்ன டாக்டரம்மா, முலூகியாக் கீரை கிண்டுறீங்களா? பூண்டு போட மறந்துட்டீங்களே!" என்றாராம் மேஸ்திரி அப்துஸ்ஸத்தார்.

"சிரிக்காதீங்க மேஸ்திரி. ஒரு தெருவையே கரைச்சுட்டேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டியையும் அவரே தூரிகையால் துடைத்தார். மற்றவர்கள் முன்பக்கத்தில் அரசன் பெயரைத் தேடினார்கள். அவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பினார். அதற்கும் மேஸ்திரி விடவில்லை.

"ராஜா முன்னால உக்காந்திருக்காரு. நீங்க என்னடான்னா அவர் முதுகைச் சொறியிறீங்க!"

"ராஜா எங்க போயிடுவாரு? அவரு கல்லுலயும் இருக்காரு. கதவைச் சாத்தினவங்க இங்க மட்டும்தான் இருக்காங்க, மேஸ்திரி."

அந்தப் பின்பக்கத்தில் என்னதான் இருந்தது? பதிந்த தடங்கள்: கயிற்றின் முறுக்கு. ஜாடியின் கழுத்து. கூடையின் பின்னல். அவற்றிலிருந்து ஓர் ஊரையே எழுப்பினாரே! கட்டிகள் குவிந்து கிடந்தால், அது நாள்தோறும் திறந்த வாசல். வேற்றூர் மண்ணாக இருந்தால், சரக்கு படகில் வந்திருக்கிறது. முன்பின் அறியாதவர்கள் அடுத்தடுத்த சுவரில் வாழத் தொடங்கியபோது, ஒருவரையொருவர் நம்புவதற்கு ஒரு பிடி ஈரமண் போதுமாக இருந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் மெய் சிலிர்க்கவில்லையா?

ஒருமுறை என்னை அழைத்து இரண்டு கட்டிகளைக் காட்டினார். ஒரே வாசல், ஒரே முத்திரை. அடியில் கிடந்த பழையதில் அகன்ற கட்டைவிரல் பதிந்திருந்தது; மேலே கிடந்ததில் மெலிந்த விரல்.

"பாத்தீங்களா வாஸிஃப், முத்திரை அதேதான், கை மாறிடுச்சு. அந்த மனுஷருக்கு என்ன ஆச்சோ, தெரியாது. ஆனா கதவு சாத்தாம கிடக்கல."



அன்பர்களே! கிடங்கின் மூன்றாம் அறை அவர் பொறுப்பில் இருந்தது. மருத்துவமனைக்குப் புறப்பட்ட மாலை, வழக்கம்போலக் கயிறு சுற்றி, அரக்கு ஊற்றி, தம் முத்திரையைப் பதித்துவிட்டுப் போனார். அது இன்னும் உடையவில்லை. உள்ளே, மேட்டின் தென்வாசலில் கிடைத்த கட்டிகளை எவரும் படிக்கவில்லை. மண்ணில் கிடந்தபோது ஊறிய உப்பு அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது. பொறுப்பேற்று ஒருவர் கையெழுத்திட்டால்தான் துறையின் குழு அறையைத் திறக்கும். பின்னர் ஒரு கட்டி காணாமற்போனாலும் அவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். யார் துணிவார்? இதுவரை ஒருவரும் துணியவில்லை. எனக்கும் அச்சம்தான். அவர் கண்ட ஊரை என் கண் காணுமா என்பதும் ஐயம்தான். ஆனால் எண் போடத் தெரியும். திருப்பிப் பார்க்கவும் அவர் பழக்கியிருக்கிறார்.

இயக்குநர் அவர்களே, மூன்றாம் அறையின் பொறுப்பை நான் ஏற்கிறேன். இந்தச் சபையே சாட்சி! நாளைக் காலை குழுவின் முன்னிலையில் அவருடைய முத்திரையை உடைப்பேன். உடைந்த அரக்கை வீசமாட்டேன். திருப்பிப் பார்ப்பேன். நம் கதவின் மரவரியும் கயிற்று முறுக்கும், ஓரத்தில் அவர் விரலும் அதில் இருக்கும். அதற்குத்தான் முதல் எண்.

மாலையில், டாக்டர் இன்ஸாஃப் அவர்களே, கதவை நான் சாத்துவேன்.